டெய்ர்ட்ரே நாவலில் எது பழைய கதை, எது எழுத்தாளர் சேர்த்தது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அயர்லாந்தின் டெய்ர்ட்ரே கதையை எடுத்து எழுதிய ஆங்கில நாவல் ஒன்றைப் படித்திருக்கிறீர்கள். வரலாறும் மாயமும் கலந்த நாவல். அதில் டெய்ர்ட்ரே யாராவது வந்து தன்னை மீட்பார்கள் என்று காத்திருக்கவில்லை. காவலைத் தாண்டி அவளே வெளியே போகிறாள், நீஷெயை அவளே தேர்ந்தெடுக்கிறாள், அவன் தயங்கும்போது மடக்கிக் கூட்டிக்கொண்டு போகிறாள். சில இடங்களில் அன்னமாக உருமாறுகிறாள். முடிவுக்கு முன்னால் ட்ருயிட் (பழங்கால அயர்லாந்தின் பூசாரியும் மந்திரவாதியும் ஆனவர்) ஒருவர் வெறும் தரையில் கடலை வரவழைத்து வீரர்களைச் சிக்க வைக்கிறார். இதில் பழைய கதை எவ்வளவு, இப்படிப்பட்ட துணிச்சலான பெண்ணை ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை படைத்திருக்குமா, இதெல்லாம் எங்கேயாவது நடந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பெண்ணை இவ்வளவு பிடித்துப்போனதற்கு எழுத்தாளருக்கு நன்றி சொல்வதா, பழைய கதைக்குச் சொல்வதா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் இடைக்கால ஐரிஷ் இலக்கியத்தைப் பாடமாகப் படித்தவன். பழைய ஐரிஷ் கற்கத் தொடங்கும் மாணவர்களுக்கு முதலில் கொடுக்கும் கதைகளில் இதுவும் ஒன்று. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளைக்கு நாலு வரி. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் புதுசு என்று சந்தேகப்படுவதுதான் இந்தக் கதையில் மிகப் பழையது. மந்திரக்கடல் மாதிரி, ஆதிகாலத்தது போலத் தோன்றும் விஷயங்கள் பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்ந்தவை. அன்னம் இந்தக் கதையைச் சேர்ந்ததே இல்லை.

கதை தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கம் கொடுத்துவிடுகிறேன். அல்ஸ்டர் நாட்டு அரசன் கொன்ஹோவர் (உங்கள் நாவலில் கானர் என்று வந்திருக்கும்) தன் கதைசொல்லி ஃபெலிமின் வீட்டில் விருந்து உண்டு குடித்துக்கொண்டிருக்கிறான். விருந்து பரிமாறிய ஃபெலிமின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. எல்லாரும் படுக்கப் போகும் நேரத்தில் அவள் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை வீடே அதிரும்படி அலறுகிறது. வீரர்கள் ஆயுதத்தோடு எழுந்து ஓடி வருகிறார்கள். ட்ருயிட் கத்பத் அவள் வயிற்றில் கைவைத்துச் சொல்கிறார்: பெண் குழந்தை, பேரழகி, இவளால் அல்ஸ்டரில் ரத்தம் ஓடும். கொன்றுவிடலாம் என்கிறார்கள் வீரர்கள். வேண்டாம், யார் கண்ணிலும் படாமல் வளர்த்து நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறான் அரசன். வளர்ந்த டெய்ர்ட்ரே உஷ்னக்கின் மகன் நீஷெயோடு ஓடிப்போகிறாள், அவனுடைய தம்பிகள் இருவரும் கூடப் போகிறார்கள். ஸ்காட்லாந்தில் வாழ்கிறார்கள். அரசன் மன்னித்துவிட்டதாகச் சொல்லி, மரியாதைக்குரியவர்களைப் பிணையாக அனுப்பித் திரும்ப அழைக்கிறான். வந்ததும் சகோதரர்களைக் கொல்கிறான். டெய்ர்ட்ரே உயிரை விடுகிறாள்.

இந்தக் கதைக்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய வடிவத்தின் பெயர் 'உஷ்லியுவின் மகன்களின் நாடுகடத்தல்'. உஷ்லியு என்பது உஷ்னக்கின் பழைய வடிவம். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதப்பட்ட லென்ஸ்டர் நூல் என்ற பெரிய சுவடியில் அது இருக்கிறது. சுவடி இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில். ஆனால் கதையின் மொழி சுவடியைவிடப் பழையது. வினைச்சொற்களின் வடிவங்களை வைத்து 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். சுவடியின் காலம் உறுதியானது. மொழியின் காலம் ஊகம்தான், ஆனால் நல்ல அடிப்படை உள்ள ஊகம். எழுத்துக்கு வருவதற்கு முன்னால் வாய்மொழியில் எத்தனை காலம் உலவியது என்று யாராவது அடித்துச் சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட காட்சி. பனிக்காலம். டெய்ர்ட்ரேயின் வளர்ப்புத் தந்தை வாசலில் ஒரு கன்றை உரிக்கிறார். பனிமேல் ரத்தம் சிந்துகிறது, ஒரு அண்டங்காக்கை வந்து அதைக் குடிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த டெய்ர்ட்ரே, இந்த மூன்று நிறமும் கொண்ட ஆண் ஒருவன் இருந்தால் அவனை விரும்புவேன் என்கிறாள்: காக்கை நிறத்தில் முடி, ரத்த நிறத்தில் கன்னம், பனி நிறத்தில் உடல். பக்கத்தில் இருந்த லெவர்ஹம், அப்படி ஒருவன் தூரத்தில் இல்லை, நீஷெ இருக்கிறானே என்கிறாள். இந்த லெவர்ஹம் எப்படி உள்ளே வந்தாள் என்பதைக் கவனியுங்கள். வளர்ப்புத் தாய், வளர்ப்புத் தந்தை தவிர யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது அரச கட்டளை. ஆனால் லெவர்ஹம் வசை பாடுபவள். அந்தச் சமூகத்தில் வசைக்கவிதையால் முகத்தில் கொப்புளம் எழும் என்று நம்பினார்கள். அவளைத் தடுக்க யாருக்கும் துணிவில்லை. பின்னால் வந்த வடிவங்களும் நாடகங்களும் இவளை அன்பான செவிலித் தாயாக ஆக்கிவிட்டன. பழைய கதையில் அரசனின் வேலியில் இருக்கும் ஓட்டையே அவள்தான்.

அப்புறம் ஒருநாள் நீஷெ எவின் மாஹா அரண்மனையின் மண்மதில் மேல் தனியாக நின்று பாடிக்கொண்டிருக்கிறான். உஷ்னக்கின் மகன்கள் பாடினால் பசுக்கள் மூன்றில் இரண்டு பங்கு பால் கூடுதலாகக் கறக்கும் என்கிறது கதை. டெய்ர்ட்ரே ஓசைப்படாமல் வெளியே வந்து, அவனைத் தெரியாதவள் போல அவன் பக்கமாக நடந்து போகிறாள். அவன் சொல்கிறான்: நம்மைக் கடந்து போகும் கிடாரி நன்றாக இருக்கிறதே. அவள் திருப்பிச் சொல்கிறாள்: காளை இல்லாத இடத்தில் கிடாரி கொழுத்துத்தான் இருக்கும். இந்த நாட்டின் காளையே உனக்கு இருக்கிறாரே, அரசர், என்கிறான் அவன். உங்கள் இருவரில் உன்னைப் போன்ற இளங்காளையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்கிறாள் அவள். தமிழில் காளை என்ற சொல் இளைஞனுக்கும் ஆகும் என்பதால் நமக்கு இந்தப் பேச்சு விளக்கமே இல்லாமல் புரிகிறது. கத்பத்தின் வாக்கை நினைத்து அவன் முடியாது என்கிறான். என்னை மறுக்கிறாயா? ஆமாம். உடனே அவள் பாய்ந்து அவனுடைய இரண்டு காதுகளையும் பிடித்துக்கொள்கிறாள். என்னைக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் இவை அவமானத்தின் காதுகள், ஏளனத்தின் காதுகள் என்கிறாள்.

முதல்முறை இந்த இடத்தைப் படித்தபோது என் மொழிபெயர்ப்பில்தான் தப்பு என்று நினைத்து அகராதியை மறுபடி புரட்டினேன். தப்பில்லை. காது என்றால் காதுதான். அவன் விலகிப் போ என்கிறான், அவள் விடவில்லை. அவன் குரலெடுத்துப் பாட, தம்பிகள் ஓடி வருகிறார்கள். இதனால் கேடு வரும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. ஆனாலும் அண்ணனுக்கு இந்த அவமானம் நேர விடமாட்டோம் என்று அன்று ராத்திரியே கிளம்புகிறார்கள்: 150 வீரர்கள், 150 பெண்கள், 150 வேட்டைநாய்கள், 150 பணியாளர்கள். ஆகவே உங்கள் நாவலாசிரியர் டெய்ர்ட்ரேயைத் துணிச்சல்காரி ஆக்கவில்லை. 8-ஆம் நூற்றாண்டுப் பெண்ணுக்கு அவர் கொஞ்சம் நாகரிகம் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் நாவலில் அவள் நீஷெயிடம் பேசித்தான் மனதை மாற்றுகிறாள். மூலத்தில் பேச்சு பலிக்கவில்லை என்றதும் கை நீள்கிறது.

இதைப் பெண்ணியம் என்று அழைக்கலாமா? எனக்கு அதில் தயக்கம் உண்டு. கதையை எழுதி வைத்தவர்கள் துறவி மடங்களில் படித்த ஆண்கள். அழகான பெண்ணால் நாடு அழியும் என்ற பயத்தில்தான் கதையே தொடங்குகிறது. அவள் காதைப் பிடிப்பதைப் படிப்பவர் மெச்ச வேண்டும் என்று எழுதினார்களா, பயப்பட வேண்டும் என்று எழுதினார்களா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. இரண்டும்தான் என்பது என் எண்ணம். ஆனால் ஒன்று உறுதி: அந்தச் சமூகத்துக்கு இது கற்பனைக்கு எட்டாத விஷயம் இல்லை. சுமார் 700-இல் எழுதப்பட்ட ஐரிஷ் சட்டநூல் ஒன்று ஆண் பெண் உறவின் வகைகளை வரிசைப்படுத்துகிறது. குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல், பெண்ணின் சம்மதத்தோடு கூட்டிக்கொண்டு போவது அதில் தனி வகை.

சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன், ஏனென்றால் நாவல்களில் பெரும்பாலும் தொலைந்துபோவது இதுதான். பழைய வடிவத்தில் இது காதல் கதையாக மட்டும் சொல்லப்படவில்லை. 'டாய்ன்' என்று ஒரு பெரிய கதை இருக்கிறது, கூலின்யே நாட்டு ஆநிரை கவர்தல். கொனாட் நாட்டு அரசி மேவ் அல்ஸ்டர் மீது படையெடுத்து ஒரு காளையைக் கவரும் கதை. அதில் அல்ஸ்டரின் மாவீரன் ஃபெர்கஸ் எதிரி மேவின் பாளையத்தில் இருக்கிறான். சொந்த நாட்டுக்கு எதிராக அவன் ஏன் அங்கே போனான்? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் டெய்ர்ட்ரே கதை டாய்னின் முன்கதைகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. ஃபெர்கஸ்தான் நீஷெக்குப் பிணை நின்றவன். பிணை என்பது அங்கே வாய்வார்த்தை இல்லை. ஒவ்வொரு மனிதனுக்கும் சட்டத்தில் ஒரு மதிப்பு உண்டு, அதன் பெயரே 'முகத்தின் விலை'. பிணை நின்றவனை மீறி அவன் காப்பில் வந்தவனைக் கொன்றால் அது அவன் முகத்தை அழித்ததற்குச் சமம்.

கொன்ஹோவர் செய்தது அதைத்தான், அதுவும் தந்திரமாக. ஃபெர்கஸுக்கு மீறக்கூடாத ஒரு விலக்கு உண்டு: யார் விருந்துக்கு அழைத்தாலும் மறுக்கக்கூடாது. சகோதரர்களோ, அயர்லாந்து மண்ணில் கொன்ஹோவரின் உணவைத்தான் முதலில் உண்போம் என்று வஞ்சினம் சொல்லியிருக்கிறார்கள். வழியில் ஃபெர்கஸுக்கு ஒரு விருந்தை ஏற்பாடு செய்தால் போதும். அவன் தங்கியே ஆக வேண்டும், அவர்கள் நிற்காமல் போயே ஆக வேண்டும். ஃபெர்கஸின் மகன் ஒருவன் மட்டும் கூடப் போகிறான். எவின் மாஹாவின் முற்றத்தில் இயோகன் என்ற சிற்றரசன் நீஷெயை ஈட்டியால் குத்துகிறான். ஃபெர்கஸின் மகன் நீஷெயின் மேல் விழுந்து மறைக்கிறான், அவனையும் கொல்கிறார்கள். செய்தி கேட்டு வந்த ஃபெர்கஸ் எவின் மாஹாவைக் கொளுத்திவிட்டு 3,000 பேரோடு மேவிடம் போகிறான். 16 வருஷம் அவர்களால் அல்ஸ்டரில் அழுகை ஓயவில்லை என்கிறது கதை. தனக்கு இருந்த மரியாதையே தன்னைக் கட்டிப்போட, தன்னை நம்பியவர்களைத் தொலைத்த ஃபெர்கஸின் துயரம் இது. பல நாவல்கள் அவனை நல்ல பெரியவர் என்ற அளவில் விட்டுவிடுகின்றன. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

முடிவைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். நாவலில் அவள் தேரிலிருந்து பாய்கிறாள், இணையத்தில் தேடினால் கல்லறைமேல் விழுந்து செத்தாள் என்று வருகிறது, எது சரி என்று. இரண்டும் பழைய சுவடிகளில் உண்டு. தேர் முந்தியது. பழைய வடிவத்தில் நீஷெ இறந்தபிறகு அவள் ஒரு வருஷம் கொன்ஹோவரிடம் இருக்கிறாள். அந்த வருஷம் முழுக்க ஒருமுறை சிரிக்கவில்லை, வயிறாரச் சாப்பிடவில்லை, முழங்காலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பாணர்களை அழைத்து வந்தால் அவள் பதிலுக்குப் பாடுகிறாள்: அரசனுடைய குழலும் கொம்பும் உங்களுக்கு இனிமையாக இருக்கலாம், எனக்கு உஷ்னக்கின் மகன்கள் பாடியதே இனிமை. காட்டில் நீஷெ அடுப்பு மூட்டிச் சமைத்தது தேன் சேர்த்த உணவைவிட இனித்தது என்று சொல்லும் இடமும் வருகிறது. இந்தக் கதையில் காதல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இந்தப் பாட்டுகளைத்தான் காட்டுவேன். அவர்கள் வாழ்ந்த காலத்தைப் பற்றிக் கதை ஒன்றுமே சொல்லாமல் ஓடிவிடுகிறது. எல்லாவற்றையும் இழந்தபிறகுதான் அவள் வாயால் அந்தக் காலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது.

கடைசியில் அரசன் கேட்கிறான், நீ பார்ப்பதில் உனக்கு மிகவும் வெறுப்பானது எது? நீதான், அப்புறம் இயோகன், என்கிறாள். அப்படியானால் ஒரு வருஷம் இயோகனிடம் இரு என்று கொடுத்துவிடுகிறான். மறுநாள் தேரில் ஒருபக்கம் அரசன், ஒருபக்கம் இயோகன். இரண்டு கிடாக்களுக்கு நடுவே நிற்கும் ஆட்டின் பார்வை பார்க்கிறாய் என்று அரசன் கேலி செய்கிறான். எதிரே ஒரு பெரிய பாறை வருகிறது. அவள் தலையை அதில் மோதிச் சிதறிப்போகிறாள். மூன்றே வாக்கியம். ஆசிரியர் ஒரு சொல் புலம்பவில்லை. கிடாரி, காளை என்று அவள் விளையாட்டாகத் தொடங்கிய பேச்சு, கிடா, ஆடு என்று அரசன் வாயில் கொடூரமாகத் திரும்பி வருகிறதைப் பாருங்கள். இதை எழுதியவர் யாராக இருந்தாலும் பெரிய எழுத்துக்காரர்.

நாவலில் மந்திரக்கடல் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? பல நூற்றாண்டுகள் கழித்து இதே கதையை வேறு மாதிரி எழுதினார்கள், 'உஷ்னக் மகன்களின் மரணம்' என்ற பெயரில். சுமார் 1500-ஐ ஒட்டிய க்ளென்மசன் சுவடி அதன் பழைய பிரதிகளில் ஒன்று, எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. இந்தப் பழைய பிரதிகளில் பிறப்பும் இல்லை, பனியும் இல்லை, காதும் இல்லை. அரசன் விருந்தில் உட்கார்ந்து, உஷ்னக்கின் மகன்கள் இல்லையே என்று சொல்லும் இடத்திலேயே கதை தொடங்குகிறது. இங்கேதான் டெய்ர்ட்ரே சோக நாயகி ஆகிறாள். கெட்ட கனவு காண்கிறாள்: மூன்று பறவைகள் வாயில் தேனோடு வந்து, ரத்தத்தோடு திரும்பிப் போகின்றன. போகவேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள், யாரும் கேட்பதில்லை. கப்பலில் உட்கார்ந்து ஸ்காட்லாந்தின் பள்ளத்தாக்குகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விடைபெறும் பாட்டும் இந்த வடிவத்தில்தான். கத்பத், அவர்களைக் கொல்லமாட்டேன் என்று அரசன் சத்தியம் செய்ததை நம்பிக் கடலை வரவழைக்கிறார். வீரர்கள் வெறும் தரையில் நீச்சலடிப்பவர்கள் போலக் கைவீசுகிறார்கள், ஆயுதங்கள் நழுவுகின்றன. மூவரையும் நீஷெயின் வாளாலேயே ஒரே வீச்சில் வெட்டுகிறார்கள். ஏமாந்த கத்பத் எவின் மாஹாவைச் சபிக்கிறார். டெய்ர்ட்ரே கல்லறையில் சாய்ந்து இறக்கிறாள். உங்கள் நாவலாசிரியர் நடுப்பகுதியை இங்கிருந்தும், தொடக்கத்தையும் முடிவையும் பழையதிலிருந்தும் எடுத்திருக்கிறார். நல்ல தேர்வு என்பேன்.

அன்னம் இந்த இரண்டிலும் கிடையாது. ஐரிஷ் கதைகளில் அன்னம் நிறைய உண்டு. மாற்றாந்தாய் சாபத்தால் 900 வருஷம் அன்னங்களாக அலைந்த லீரின் பிள்ளைகள், வருஷத்துக்கு ஒருமுறை உருமாறும் பெண்ணை ஓயின்குஸ் என்பவன் கனவில் காண்பது, எய்தீன், மிதிர் என்ற காதலர்கள் இரண்டு அன்னங்களாக அரண்மனைக் கூரை வழியே பறந்து போவது. லீரின் பிள்ளைகள் கதையையும் டெய்ர்ட்ரே கதையையும் 'கதைகளின் மூன்று துயரங்கள்' என்று ஒரே வரிசையில் சேர்த்துச் சொல்வது பிற்காலத்தில் வழக்கமானது. நாவலாசிரியருக்கு அங்கிருந்து யோசனை வந்திருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே. எனக்கு இந்தச் சேர்க்கையில் முழுத் திருப்தி இல்லை. பறக்கத் தெரிந்த பெண்ணுக்கு அந்தத் தேரில் ஏன் சாவு என்ற கேள்வி வந்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தின் வாய்மொழி மரபு தனிக் கிளை. அதில் எனக்குப் பயிற்சி குறைவு, மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான் தெரியும். 1867-இல் பாரா தீவில் ஒரு முதியவர் சொன்னதை அலெக்சாண்டர் கார்மைக்கேல் எழுதி வைத்தார். அதில் காதலர்களை ஏரியின் இரண்டு கரையில் புதைக்கிறார்கள். இரண்டு குழியிலிருந்தும் மரம் முளைத்து ஏரிக்கு மேலே கிளைகள் கோத்துக்கொள்கின்றன. அரசன் வெட்டச் சொல்கிறான், மறுபடி முளைக்கிறது. மறுபடி வெட்டச் சொல்கிறான். கடைசியில் அவன் மனைவியே போதும் என்று தடுத்துவிடுகிறாள். உங்கள் நாவலின் கடைசிப் பக்கத்தில் மரங்கள் வந்தால் அவை இங்கிருந்து வந்தவை.

சரி, இது நடந்ததா? கொன்ஹோவர், நீஷெ, டெய்ர்ட்ரே என்ற மனிதர்கள் வாழ்ந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் எவின் மாஹா உண்மையான இடம். வட அயர்லாந்தில் அர்மா நகரத்துக்கு மேற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி, நேவன் கோட்டை என்ற பெயரில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் புல் மூடிய மேடும் அதைச் சுற்றி ஒரு பெரிய பள்ளமும்தான். 1963 முதல் 1971 வரை தொல்லியலாளர் டட்லி வாட்டர்மன் அங்கே அகழ்ந்தபோது, 40 மீட்டர் குறுக்களவுள்ள வட்டமான மரக்கட்டடத்தின் தடம் கிடைத்தது. நடுவில் பிரம்மாண்டமான ஓக் தூண். மரத்தின் வளையங்களை எண்ணி, அது கி.மு. 95-இன் கடைசியிலோ 94-இன் தொடக்கத்திலோ வெட்டப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள். கட்டடத்தை உள்ளே கற்களால் நிரப்பி, பிறகு வேண்டுமென்றே தீவைத்து, மேலே மண் மூடியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய அடுக்கில் வட ஆப்பிரிக்கக் குரங்கின் மண்டை ஓடு ஒன்றும் கிடைத்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பரிசு என்றால் அங்கே இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை.

ஃபெர்கஸ் கொளுத்திய தீ இதுதானா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மண்ணில் தெரிவது சடங்குபோல நிதானமாகச் செய்த எரிப்பு, கதையில் வருவது பழிவாங்கல். இரண்டுக்கும் நடுவே எட்டு ஒன்பது நூற்றாண்டு இடைவெளி வேறு. பெரிய இடம் ஒன்று எரிந்தது என்ற நினைவு மக்களிடம் தங்கியிருக்கலாம், அதற்கு மேல் போக முடியாது. ஒரு காலத்தில் இந்தக் கதைகளை இரும்புக்காலத்தைப் பார்க்கும் ஜன்னல் என்று சொன்னார்கள், அறிஞர் கென்னத் ஜாக்சன் 1964-இல் அந்தப் பெயரிலேயே ஒரு உரை நிகழ்த்தினார். இப்போது அந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. கதைகளில் வீரர்கள் ஏந்தும் நீண்ட வாள்கள் இடைக்காலத்தவை, அயர்லாந்தின் இரும்புக்கால மண்ணில் கிடைப்பவை குட்டையானவை. நாவல்கள் கதையைக் கி.பி. முதல் நூற்றாண்டில் வைப்பதற்கும் இடைக்காலத் துறவிகளே காரணம். கொன்ஹோவரின் மரணத்தைச் சொல்லும் கதையில், இயேசு சிலுவையில் அறையப்பட்ட செய்தி கேட்டுக் கொதித்து எழுந்ததால், தலையில் பழைய போரில் பதிந்திருந்த உருண்டை தெறித்து அவன் சாகிறான். தங்கள் பழைய அரசனை ரட்சிப்புக்குப் பக்கத்தில் கொண்டுவர ஆசைப்பட்டவர்கள் கொடுத்த காலக்கணக்கு அது.

ஸ்காட்லாந்தில் எடிவ் பள்ளத்தாக்கில் டெய்ர்ட்ரே வாழ்ந்த இடம் என்று காட்டுவார்கள், பெண்டர்லோக்கில் உஷ்னக் மகன்களின் பெயரில் ஒரு குன்றுக்கோட்டையும் இருக்கிறது. கதை புகழ்பெற்ற பிறகு ஊர்கள் அதன் பெயரைச் சூடிக்கொள்வது எங்கும் நடப்பதுதான், அதனால் அவற்றைச் சான்றாக எடுக்க முடியாது. பள்ளத்தாக்கு அழகானது, போகக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

மறுபடி எழுதுவது இன்று தொடங்கியதும் இல்லை. ஐரிஷ் எழுத்தாளர் லேடி கிரெகரி 1902-இல் பெரும்பாலும் பிந்தைய வடிவத்தை ஒட்டி எழுதினார். கவிஞர் யேட்ஸ் 1906-இல் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்து நாடகமாக்கினார். ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங் தன் நாடகத்தை முடிக்காமலே 1909-இல் இறந்துபோனார், அடுத்த வருஷம் டப்ளினின் ஆபி அரங்கில் அது நடிக்கப்பட்டது. அவருடைய டெய்ர்ட்ரே, வயதாகி அன்பு தேய்வதற்கு முன்னால் சாவதே மேல் என்று தெரிந்தே திரும்பி வருகிறாள். எந்தச் சுவடியிலும் இல்லாத காரணம், ஆனால் எனக்கு அதுதான் மனதைவிட்டுப் போவதில்லை. ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ் 1923-இல் நாவலாக எழுதி, கொன்ஹோவரின் மனதுக்குள் போனார். ஆக எழுத்தாளர் சேர்த்தார் என்பதாலேயே ஒன்றைக் குறையாக நினைக்க வேண்டாம். பழைய கதை ஆட்களின் மனதைப் பற்றிப் பேசுவதே இல்லை. சிறுமி அந்த வேலிக்குள் எப்படி வளர்ந்தாள், அரசன் அவளைப் பார்க்க வந்தபோது அவளுக்கு எப்படி இருந்தது என்று ஒரு வரி கிடையாது. அந்த இடங்களை உங்கள் நாவலாசிரியர் நிரப்பியிருந்தால் அதற்கு நன்றி அவருக்குத்தான். காதைப் பிடித்ததற்கு நன்றி பழைய கதைக்கு.

அடுத்து என்ன படிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். தாமஸ் கின்செல்லா 1969-இல் டாய்னை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது இந்தக் கதையையும் முன்கதையாகச் சேர்த்தார், லூயி ல ப்ரோக்கியின் கறுப்பு மை ஓவியங்களோடு வந்தது. ஜெஃப்ரி காண்ட்ஸின் பழைய ஐரிஷ் கதைத் தொகுப்பிலும் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பக்கம்தான், ஒரே மாலையில் முடித்துவிடலாம். படித்துவிட்டு உங்கள் நாவலில் நீஷெ முதல்முறை வரும் அத்தியாயத்தை மறுபடி எடுங்கள். அந்தப் பசுக்கள் பால் கறந்ததை எழுத்தாளர் எங்காவது வைத்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.